நீராவி எந்திரத்திலிருந்து இயற்கை விதிக்கு: வெப்பவியக்கவியல் விதிகளின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

1959 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 'இரு பண்பாடுகள்' என்னும் பொருள்பற்றிச் சொற்பொழிவாற்றிய சி. பி. ஸ்நோ, இலக்கியக் கல்வியாளரை நோக்கி ஒரு வினாவை எழுப்பினார். வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதியை எடுத்துரைக்க அவர்களுள் எத்தனை பேரால் இயலும் என்பதே அவ்வினா. தாம் அதனைக் கேட்ட இடங்களில் எல்லாம் கிடைத்த மறுமொழி உவப்பற்றதாகவும் எதிர்மறையானதாகவுமே இருந்தது என்றும், சேக்ஸ்பியரின் ஆக்கமொன்றைப் படித்ததுண்டா என ஒரு விஞ்ஞானியிடம் கேட்பதற்கு அது ஒப்பானது என்றும் அவர் குறிப்பிட்டார். இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட நாம் இக்குற்றச்சாட்டிலிருந்து எளிதில் விடுபட முடியாது. ஆயின் ஸ்நோவின் வினாவிலும் ஒரு குறையுண்டு. விதியைச் சொல்லத் தெரியுமா எனக் கேட்டாரேயன்றி, அவ்விதி எங்கே, எவருடைய தேவையினின்றும், எத்தகைய முரண்பாடுகளினூடாகப் பிறந்தது எனத் தெரியுமா என அவர் கேட்கவில்லை.

எமது உயர்தர வகுப்புப் பௌதிகவியல் நூல்களிலும் இக்குறை காணப்படுகின்றது. ஒரு தொகுதிக்கு வழங்கப்படும் வெப்பம், அதன் உட்சக்தி அதிகரிப்பினதும் அத்தொகுதி செய்யும் வேலையினதும் கூட்டுத்தொகைக்குச் சமமாகும் என்பது முதலாம் விதி. வெப்பம் தானாகவே குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குச் செல்லாது. ஒரேயொரு வெப்ப முதலிலிருந்து பெறும் வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்றவல்ல எந்திரம் எதுவும் சுற்றி இயங்க முடியாது என்பது இரண்டாம் விதி. மாணவர் இவற்றை மனனஞ் செய்கின்றனர், கணக்குகளைச் செய்கின்றனர், பரீட்சையிற் புள்ளிகளும் பெறுகின்றனர். ஆனால் இவ்விதிகள் வானத்தினின்றும் இறங்கியவை போன்றும், ஆளும் காலமும் இடமும் அற்றவை போன்றுமே அவர்கள் முன் வைக்கப்படுகின்றன.

இதற்கு நேரெதிரான தவறொன்றும் உண்டு. பொருளாதார அடித்தளம் என்னும் ஒரு சொல்லைக் கூறிவிட்டாற் சிந்தனையின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும் எனக் கருதுவதே அது. ஒரு நாவலைக் கண்டதும் அதன் ஆசிரியரின் வர்க்கத்தைச் சுட்டிவிட்டு நூலை மூடிவைக்கும் விமரிசனத்தை நாம் நன்கு அறிவோம். அத்தகைய விமரிசனம் முற்போக்கு முகாமிலிருந்தே பெரிதும் வந்துள்ளது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெப்பவியக்கவியலின் வரலாறு இவ்விரு தவறுகளையும் ஒருங்கே சோதித்துப் பார்ப்பதற்கு மிகவும் பொருத்தமானது. அச்சோதனையே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

1931 இல் லண்டனில் நடைபெற்ற இரண்டாவது அனைத்துலக விஞ்ஞான வரலாற்று மாநாட்டிலே, சோவியத் பௌதிக அறிஞர் பொரிஸ் ஹெசன், நியூற்றனின் 'பிரின்சிப்பியா'வின் சமூக பொருளாதார வேர்கள் பற்றி ஓர் ஆய்வுரை வழங்கினார். சக்திக் காப்பு விதியை நியூற்றன் ஏன் கண்டறியவில்லை என்ற வினாவை அவர் அதில் எழுப்பினார். நியூற்றனின் மேதைமைக்குக் குறைவு இருக்கவில்லை. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்திரம் அக்காலத்து உற்பத்தியில் இடம்பெற்றிருக்கவில்லை. ஆகையால் ஓர் இயக்க வடிவம் இன்னொன்றாக மாறுவது ஒரு பிரச்சினையாகத் தோன்றவில்லை என்பது ஹெசன் தந்த விடையாகும். விஞ்ஞான வரலாற்றாய்வைப் புதுத் திசையிற் செலுத்திய இவ்வுரையை வழங்கியவர் 1936 இல் தமது நாட்டிலேயே கைது செய்யப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

ஹெசனின் விடை சரியான திசையைக் காட்டுகின்றது. எனினும் அது முழு விடையன்று. நியூக்கொமனின் நீராவி எந்திரம் 1712 இல் டட்லி என்னுமிடத்திற்கு அருகே, சுரங்கமொன்றிலிருந்து நீரை இறைப்பதற்கு நிறுவப்பட்டது. வெப்ப எந்திரத்தின் எல்லை பற்றிய முதலாவது கொள்கை நூல் 1824 இலேயே வெளிவந்தது. எந்திரம் இருந்தாற் கொள்கை பிறக்கும் எனின், இடைப்பட்ட 112 ஆண்டுகளை எவ்வாறு விளக்குவது?

இவ்விடத்தில் எந்திரத்தை மட்டுமன்றி, அதற்கு இரையாகிய நிலக்கரியின் விலையையும் நோக்குதல் வேண்டும். நியூக்கொமன் எந்திரத்தின் உருளையினுள் நீராவி புகும். பின்னர் குளிர்நீர் தெளிக்கப்பட, நீராவி ஒடுங்க, வளிமண்டல அமுக்கம் முசலத்தைக் கீழே தள்ளும். ஒவ்வோர் அடிப்பிலும் உருளை முழுவதையும் சூடாக்கிக் குளிர்விக்க வேண்டியிருந்தமையால், எரிந்த கரியின் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறவில்லை. ஆனால் நிலக்கரிச் சுரங்க வாயிலில் நின்ற எந்திரத்திற்கு இது ஒரு குறையாகத் தோன்றவில்லை. விற்க முடியாத தூட்கரி அங்கு குவிந்து கிடந்தது. அதனை எரிப்பதற்குச் செலவு எதுவுமில்லை. வீண்விரயம் கணக்கேட்டில் இடம்பெறாதவரை அது ஒரு விஞ்ஞானப் பிரச்சினையாக மாறவுமில்லை.

கோர்ண்வோல் பிரதேசத்தில் நிலைமை வேறு. அங்கு தோண்டப்பட்டவை செம்பும் தகரமும். நிலக்கரியோ தென் வேல்சிலிருந்து கடல்வழியாக வரவேண்டும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற்குரிய நியூக்கொமன் எந்திர மாதிரியொன்றைத் திருத்த முற்பட்ட கருவியாளர் ஜேம்ஸ் வாற், 1765 இல் உருளையினின்றும் வேறாக அமைந்த ஒடுக்கியைக் கற்பித்தார். 1769 இற் பெற்ற ஆக்கவுரிமையை, 1775 இல் நாடாளுமன்றம் 1800 வரை நீடித்தது. வாற்றும் அவருடைய பங்காளியான போல்ரனும் தமது எந்திரத்திற்கு வாடகை பெற்ற முறை கவனத்துக்குரியது. அதே வேலையைச் செய்வதற்கு நியூக்கொமன் எந்திரம் எரித்திருக்கக்கூடிய கரியோடு ஒப்பிட்டு, மிச்சமாகிய கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கை அவர்கள் அறவிட்டனர். அதாவது, எரியாத கரியே அவர்களின் வருமானம். எரியாத கரியை அளக்கவேண்டுமாயின், எரிந்த கரிக்கும் இறைத்த நீருக்கும் இடையிலான விகிதத்தை நுண்ணிதாக அளந்தே ஆகவேண்டும். ஒரு புசல் கரியை எரித்து எத்தனை இறாத்தல் நீரை ஓரடி உயர்த்தலாம் என்னும் அளவு எந்திரத்தின் 'கடமை' எனப் பெயர்பெற்றது. 1811 முதல் கோர்ண்வோல் எந்திரங்களின் கடமைகளை ஒப்பிட்டு மாதந்தோறும் அறிக்கையும் வெளியாயிற்று.

ஆகவே, வெப்பவியக்கவியலுக்கு வழிவகுத்தது நீராவி எந்திரம் என்னும் கருவி மட்டுமன்று. அக்கருவி எந்தச் சொத்துறவினுள், எந்த விலையமைப்பினுள் இயங்கியது என்பதுமாகும். உற்பத்திச் சக்தி ஒன்றாக இருக்க, உறவு வேறுபட்ட இடத்திற் புதிய வினா பிறந்தது. தூட்கரி குவிந்த சுரங்க வாயில் எழுப்பாத வினாவை, கரிக்கு விலைகொடுத்த செம்புச் சுரங்கம் எழுப்பியது.

3

இதுவரை கூறியவற்றைக் கொண்டு நோக்கின், கொள்கையும் இங்கிலாந்திலேயே தோன்றியிருக்க வேண்டும் என நாம் எதிர்பார்ப்போம். வரலாறு அவ்வெதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. 'நெருப்பின் இயக்க வலு பற்றிய சிந்தனைகள்' என்னும் சிறு நூலை 1824 இற் பாரிசில் வெளியிட்டவர் இருபத்தெட்டு வயதான சாடி காணோ என்னும் பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளர். கைத்தொழிலில் முன்னின்ற நாடு எந்திரத்தைத் தந்தது. பின்தங்கிய நாடு கொள்கையைத் தந்தது.

இதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. காணோவின் தந்தை லசார் காணோ புரட்சிக் காலப் பிரான்சின் படைகளை ஒழுங்கமைத்தவர்; 1783 இலேயே எந்திரங்கள் பற்றிப் பொதுக்கொள்கை நூலொன்றை எழுதியவர். புரட்சி 1794 இல் நிறுவிய பொலிதெக்னிக் கல்லூரியிற் சாடி பயின்றார். பொறியியலைக் கணிதத்தின்மீது நிறுவிக் கற்பித்த கல்லூரி அது. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின்னர், பிரித்தானிய எந்திரங்களின் மேன்மையைத் தோற்ற நாட்டினர் கண்கூடாகக் கண்டனர். நீராவி எந்திரத்தைப் பறித்துவிட்டால் இங்கிலாந்தின் செல்வமே வற்றிப்போகும் என்னும் கருத்துப்படக் காணோ தமது நூலின் தொடக்கத்தில் எழுதுகிறார். எந்திரங்களைச் செய்து செய்து திருத்திக்கொண்டிருந்தவர்க்கு, அடுத்த எந்திரம் முன்னையதிலும் சிறந்ததா என்பதே வினா. கரியும் எந்திரமும் அரிதாயிருந்த நாட்டுப் பொறியியலாளர்க்கு, இத்திருத்தங்களுக்கு ஓர் எல்லை உண்டா என்பது வினாவாயிற்று எனக் கொள்ளலாம்.

காணோவின் விடை வியக்கத்தக்க எளிமையுடையது. நீர் உயரத்திலிருந்து பள்ளத்திற்கு விழும்போது சில்லைச் சுழற்றுவது போல, வெப்பமும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு 'விழும்' போதே எந்திரத்தை இயக்குகின்றது. எத்துணைச் சிறந்த எந்திரமாயினும் அதன் உச்சத்திறன் அவ்விரு வெப்பநிலைகளால் மாத்திரமே துணியப்படும். நீராவியா, காற்றா, வேறு பொருளா என்பது அதனைப் பாதிக்காது. இன்றைய பாடநூல் வாய்பாட்டின்படி, தனி வெப்பநிலைகளின் வித்தியாசத்தை உயர் வெப்பநிலையால் வகுக்க அவ்வெல்லை கிடைக்கும். கொதிகலன் 100 பாகை சதமவளவையிலும் ஒடுக்கி 30 பாகையிலும் இருப்பின், 373 கெல்வினுக்கு 70 என்ற விகிதப்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 19 பங்கே ஆகக்கூடிய திறனாகும். எஞ்சிய 81 பங்கினை வெளியே கொட்டியே ஆகவேண்டும். உழைப்பாளியின் சோம்பலோ, பொறியியலாளரின் அறியாமையோ இதற்குக் காரணமன்று.

இங்கு மேலும் ஒரு நுட்பமுண்டு. காணோ இவ்வுண்மையை ஒரு பொய்யான கருதுகோளின்மீது நின்றே கண்டார். வெப்பம் என்பது 'கலோரிக்' என்னும் அழியாத பாய்பொருள். எந்திரத்தினூடு செல்லும்போது அதன் அளவு குறைவதில்லை என அவர் 1824 இற் கொண்டிருந்தார். மியூனிக் நகரிற் பீரங்கிகளைத் துளைக்கும்போது உராய்விலிருந்து வெப்பம் ஓயாது பிறப்பதை ரம்போட் பிரபு 1798 இலேயே எடுத்துக்காட்டியிருந்தும் அக்கருத்து நிலைத்திருந்தது. காணோ பின்னர் அதனைக் கைவிட்டமையை அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் காட்டுகின்றன. ஆயினும் 1832 இல் முப்பத்தாறு வயதில் அவர் வாந்திபேதிக்கு இரையானார். அக்குறிப்புகளோ 1878 இலேயே அச்சேறின. இடைக்காலத்தில் நூல் ஏறக்குறைய மறக்கப்பட்டது. 1834 இற் கிளாப்பிரோன் மட்டுமே அதனை விரித்துரைத்தார். 1845 இற் பாரிசுக்குச் சென்ற இளைஞர் வில்லியம் தொம்சன் கடைகடையாகத் தேடியும் நூலைப் பெற முடியவில்லை. சமூகத் தேவை கருத்துகளைத் தூண்டுகின்றது. ஆனால் தேவைப்படும் கருத்து பிறந்த அன்றே சமூகம் அதனை இனங்கண்டுகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை. இலக்கிய வரலாற்று மாணவருக்கு இது புதிய செய்தியன்று.

4

முதலாம் விதி வரலாற்றில் இரண்டாவதாகவே வந்தது. 1842 இற்கும் 1847 இற்கும் இடையில், ஒருவரையொருவர் அறியாத பலர் அதனை வெவ்வேறு வழிகளில் அடைந்தனர். ஜேர்மனியில் மேயரும் ஹெல்ம்ஹோல்ற்சும், இங்கிலாந்தில் யூலும், டென்மார்க்கிற் கோல்டிங் என்னும் பொறியியலாளரும் இவர்களுட் குறிப்பிடத்தக்கோர். தோமஸ் கூன் 1959 இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தகையோர் பன்னிருவரைக் கணக்கிடுகிறார். எந்திரங்கள்மீதிருந்த ஈடுபாடு, சக்தி வடிவங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறும் பரிசோதனைகளின் பெருக்கம், இயற்கை முழுவதையும் ஒரே சக்தியின் வெளிப்பாடாகக் கண்ட ஜேர்மன் இயற்கைத் தத்துவம் ஆகிய மூன்றையும் அவர் காரணங்களாகக் காட்டுகிறார். ஈண்டு தத்துவத்தையும் ஒரு காரணியாகக் கொண்டமை மனங்கொள்ளத்தக்கது. மேற்கட்டுமானம் என நாம் அழைப்பது, அடித்தளத்தின் நிழலாக மட்டும் நில்லாமல், கண்ணுக்குப் புலப்படுவதைத் தெரிவுசெய்யவும் செய்கின்றது.

மேயரின் வரலாறு குடியேற்ற நாடொன்றிற் தொடங்குகின்றது. 1840 இல் ஒல்லாந்தக் கப்பலொன்றில் மருத்துவராக யாவாவிற்குச் சென்ற அவர், மாலுமிகளின் நாளங்களினின்றும் வடித்த குருதி ஐரோப்பாவிற் கண்டதிலும் பார்க்கச் செந்நிறமாயிருந்தமையைக் கவனித்தார். வெப்ப நாட்டில் உடல் தன் சூட்டைப் பேண எரிக்கவேண்டிய உணவு குறைவு. ஆகவே குருதி குறைந்தளவு ஒட்சிசனையே இழக்கின்றது என அவர் உய்த்துணர்ந்தார். உண்ட உணவு, உடற்சூடு, செய்த வேலை ஆகிய மூன்றும் ஒரே கணக்கிற்கு உட்பட்டவை என்னும் எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. 1842 இல் வெளிவந்த அவரது கட்டுரையைப் பௌதிக அறிஞர் பொருட்படுத்தவில்லை.

யூல் மான்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள சல்போட்டில் மதுவடிசாலை உரிமையாளரின் மகன். நீராவிக்குப் பதிலாக மின்மோட்டரைப் பயன்படுத்தினால் இலாபமா என்பதே அவரது தொடக்கக்கால வினா. மின்கலத்திற் கரையும் நாகத்தின் செலவு, எந்திரத்தில் எரியும் கரியின் செலவை எவ்வளவோ விஞ்சிவிடும் எனக் கண்டார். அந்த ஏமாற்றத்திலிருந்து அவருடைய அளவைகள் தொடர்ந்தன. விழும் நிறையொன்று நீரினுள் துடுப்பொன்றைச் சுழற்ற, நீர் எவ்வளவு சூடேறுகின்றது என அளந்தார். ஓர் இறாத்தல் நீரை ஒரு பரனைற்றுப் பாகையாற் சூடாக்குவதற்கு 772 இறாத்தல் நிறை ஓரடி விழுதல் வேண்டும் என 1850 இல் அறிவித்தார். இன்று ஏற்றுக்கொள்ளப்படும் பெறுமானம் 778 ஆகும். வடிசாலையில் வெப்பநிலையை நுண்ணிதாக அளந்து பழகிய சூழல் அவரது கைக்கு உதவியிருத்தல் கூடும்.

1847 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யூல் ஒக்ஸ்போட்டிலே தமது முடிவுகளை வாசித்தார். யூலை மாதத்தில் ஹெல்ம்ஹோல்ற்ஸ் பேர்லினிலே சக்திக் காப்புப் பற்றி உரையாற்றினார். அதே யூன் மாதத்தில், பெண்களும் இளைஞரும் ஆலைகளில் வேலைசெய்யும் நேரத்தைப் பத்து மணித்தியாலத்திற்கு மட்டுப்படுத்திய சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறியது. இவற்றுட் காரண காரியத் தொடர்பு உண்டென நாம் வாதிக்கவில்லை. ஆயின் எந்திரத்தின் வேலையை அளக்கும் அளவுகோலும் மனிதரின் வேலையை மட்டுப்படுத்தும் போராட்டமும் ஒரே தசாப்தத்தின் இரு முகங்கள் என்பதைக் காணாதிருக்கவும் முடியாது.

பௌதிகவியலிலே 'வேலை' என்னும் எண்ணக்கரு 1820களிற் பிரெஞ்சுப் பொறியியலாளரான பொன்சலே, கொரியோலிஸ் ஆகியோராற் செம்மைப்படுத்தப்பட்டது. விசையைத் தூரத்தாற் பெருக்கினால் வேலை. அன்றாடச் சொல்லொன்றையே அவர்கள் எடுத்தாண்டனர், தமிழிலும் அவ்வாறே. இதனால் எமது வகுப்பறைகளில் ஒரு மயக்கம் எழுகின்றது. தலையில் மூடையைச் சுமந்தவாறு அசையாது நிற்கும் துறைமுகத் தொழிலாளி, விசை இருந்தும் இடப்பெயர்ச்சி இல்லாமையால், மூடையின்மீது வேலை எதுவும் செய்யவில்லை என ஆசிரியர் கூறுகிறார். வரைவிலக்கணப்படி அது சரி. ஆனால் அத்தொழிலாளியின் தசைகள் ஓயாது சுருங்கிச் சக்தியைச் செலவிடுகின்றன, அவர் களைக்கிறார், வியர்க்கிறார். வேலை என்பது மூடையின் பக்கம் நின்று வரையறுக்கப்பட்ட அளவு. சுமப்பவரின் பக்கம் நின்றன்று. இதனை மாணவருக்கு எடுத்துரைத்தால் விதியும் விளங்கும். விதி எவருடைய கணக்கேட்டில் முதன்முதல் எழுதப்பட்டது என்பதும் விளங்கும்.

5

காணோவின் முடிவும் யூலின் முடிவும் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றின. வெப்பம் குறையாமல் விழுகின்றது என்றார் ஒருவர். வெப்பம் செலவாகியே வேலை பிறக்கின்றது என்றார் மற்றவர். 1850 இல் ஜேர்மனியிற் கிளௌசியசும், 1851 இற் பிரித்தானியாவில் தொம்சனும் இம்முரண்பாட்டைத் தீர்த்தனர். ஒரு பகுதி வெப்பம் வேலையாக மாறுகின்றது. எஞ்சிய பகுதி குளிர்ந்த பொருளைச் சேர்கின்றது. முன்னையது முதலாம் விதி. பின்னையது தவிர்க்கவியலாதது என்பது இரண்டாம் விதி. காணோவின் தவறு நீக்கப்பட்டது. அவரது உண்மை பேணப்பட்டது. இரண்டும் உயர்ந்ததொரு நிலையில் இணைந்தன. தமிழிலே பௌதிகவியற் பிரிவொன்றுக்கும் மார்க்சிய மெய்யியலின் முறைக்கும் 'இயக்கவியல்' என்னும் ஒரே சொல் வழங்குவது தற்செயலே. எனினும் இவ்வத்தியாயத்தில் அத்தற்செயல் பொருளற்றதாகப் படவில்லை.

1865 இற் கிளௌசியஸ், மாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரு புதுப் பெயரை ஆக்கினார். எமது நூல்களில் 'எந்திரப்பி' என ஒலிபெயர்க்கப்பட்டுள்ளது அதுவே. உலகின் சக்தி மாறாதது. ஆனால் அதன் எந்திரப்பி உச்சத்தை நோக்கியே செல்கின்றது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். தொம்சன் 1852 இலேயே, எல்லைப்பட்டதொரு காலத்தின் பின்னர் பூமி மனித வாழ்வுக்கு ஏற்றதாயிராது என எழுதியிருந்தார். எந்திரத்தின் எல்லை பற்றிய விதி பிரபஞ்சத்தின் சாவு பற்றிய தீர்ப்பாயிற்று. 'வெப்பச் சாவு' என்னும் அக்கருத்து நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியச் சிந்தனையிற் பரவலாயிற்று. எல்லாம் தேய்ந்தே தீரும் எனின் சமூகத்தை மாற்ற முயல்வதேன் என்னும் மனநிலைக்கு அது வசதியான ஆதாரமாயிற்று.

ஏங்கெல்ஸ் 1869 இல் மார்க்சுக்கு எழுதிய கடிதமொன்றிலும், 1925 இலேயே வெளிவந்த 'இயற்கையின் இயக்கவியல்' குறிப்புகளிலும் இக்கருத்தை எதிர்த்தார். இயக்கம் அளவால் மட்டுமன்றிப் பண்பாலும் அழியாதது. கதிர்வீசிச் சிதறிய வெப்பம் மீண்டும் இயங்கு வடிவம் பெறும் வழியொன்று இருந்தேயாக வேண்டும் என்பது அவர் வாதம். இதனை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? மூடிய பாத்திரம் ஒன்றுக்குரிய விதியைப் பிரபஞ்சம் முழுவதற்கும் ஐயமின்றி நீட்டியதை வினவியமை சரியானது. ஆயின் அவர் எதிர்பார்த்த மீள்மாற்றம் எதுவும் ஆய்வுகூடத்தில் இரண்டாம் விதியை மீறி நிகழவில்லை. மெய்யியல் எதிர்பார்ப்பைக் கொண்டு பரிசோதனையின் முடிவை முற்கூட்டியே விதிக்க முடியாது. ஏங்கெல்சை மதிப்பவர்கள் இதனைச் சொல்லத் தயங்குவது அவருக்குச் செய்யும் மரியாதையன்று.

தொம்சனின் தவறு வேறுவகையானது. சூரியன் குளிர்ந்து செல்லும் வேகத்தை 1862 இற் கணித்து, அது சில கோடி ஆண்டுகளே ஒளிவீசியிருத்தல் கூடும் என்னும் முடிவைக் கொண்டு டார்வினின் நீண்ட காலக்கணக்கை அவர் தாக்கினார். டார்வின் கலங்கினார். ஆனால் 1896 இற் கதிர்த்தொழிற்பாடும், பின்னர் 1930களில் சூரியனுள் நிகழும் கருவிணைவும் அறியப்பட்டபோது, சக்தியின் புதிய முதல்கள் வெளிப்பட்டன. விதி பொய்க்கவில்லை, விதிக்கு இடப்பட்ட தரவு குறைபாடுடையதாயிருந்தது. மறுபுறம், போல்ற்சுமான் 1877 இல் எந்திரப்பியை மூலக்கூறுகளின் சாத்தியமான ஒழுங்குகளின் எண்ணிக்கையோடு தொடர்புபடுத்தினார். இரண்டாம் விதி ஊழ்வினையன்று. எண்ணிறந்த துகள்களின் நடத்தையில் வெளிப்படும் நிகழ்தகவு என்பது அதன்பின் தெளிவாயிற்று.

6

சமூக விஞ்ஞானத்துள்ளும் இவ்விதிகளைக் கொணரும் முயற்சிகள் நிகழ்ந்தன. 1880களின் தொடக்கத்தில் உக்ரேனிய சோஷலிசவாதியான பொடொலின்ஸ்கி, உழைப்பின் மதிப்பைச் சக்தி அலகுகளிற் கணிக்க முற்பட்டார். பயிர்ச்செய்கையில் ஈடுபடும் உழைப்பு சூரிய சக்தியைப் பூமியிற் சேமித்து வைக்கின்றது என்பது அவரது அடிப்படைக் கருத்து. 1882 டிசெம்பரில் மார்க்சுக்கு எழுதிய கடிதங்களில் ஏங்கெல்ஸ் இதனை ஆராய்கிறார். பொருளாதார உறவுகளைப் பௌதிக அலகுகளில் எழுத முடியாது என்பது அவரது மறுப்பின் சாரம். அது நியாயமானதே. உழைப்பாளி தன் வாழ்வுக்கு வேண்டியதிலும் கூடிய பெறுமதியை உண்டாக்குவது சக்திக் காப்பு விதியை மீறும் அற்புதமன்று. ஏனெனிற் பெறுமதி என்பது யூல்களில் அளக்கப்படும் பொருளன்று, மனிதரிடையேயான உறவாகும். பின்னர் ஒஸ்வால்ட் சடப்பொருளையே சக்தியாகக் கரைத்துவிட முனைந்தபோது, லெனின் 1909 இல் வெளியிட்ட நூலில் அதனை எதிர்த்ததும் இத்தகைய குழப்பத்தைக் கருதியே.

எனினும் அதே கடிதத்தில் ஏங்கெல்ஸ் போகிறபோக்கில் இன்னொன்றையும் குறிப்பிட்டார். உழைக்கும் மனிதன் இன்றைய சூரிய வெப்பத்தைச் சேமிப்பவன் மட்டுமல்லன். கரியாகவும் காடாகவும் சேர்ந்துள்ள முற்காலச் சூரிய வெப்பத்தை அதனினும் பன்மடங்கு வாரியிறைப்பவனும் ஆவான் என்பதைப் பொடொலின்ஸ்கி மறந்துவிட்டார் என்பது அக்கருத்து. மார்க்சியர் நெடுங்காலம் இவ்வரிகளைக் கடந்து சென்றனர். மறுப்பை நினைவில் வைத்தனர், எச்சரிக்கையை மறந்தனர். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை எல்லையற்றதாகக் கருதிய காலத்தில், எல்லையைப் பற்றிய விதி பௌதிகவியற் பாடநூலுக்குள் ஒதுங்கியே இருந்தது.

அந்திரேயாஸ் மால்ம் 2016 இல் வெளியிட்ட ஆய்வு இங்கு பொருத்தமானது. பிரித்தானியப் பருத்தி முதலாளிகள் நீர்வலுவைக் கைவிட்டு நீராவியை நாடியது நீர் பற்றாக்குறையாலன்று, நீராவியின் மலிவாலுமன்று, தொழிலாளர் திரண்ட நகரங்களில் ஆலைகளை நிறுவவும், வேண்டிய நேரத்தில் எந்திரத்தை ஓட்டவும் அது உதவியமையாலேயே என அவர் வாதிக்கிறார். இவ்வாதத்தின் ஒவ்வோர் அம்சமும் விவாதத்துக்குரியதே. ஆனால் கரியை நாடியது பௌதிக விதியின் கட்டளையன்று, சமூகத் தெரிவு என்பதை அது வலுவாக நினைவூட்டுகின்றது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்திற் பத்து இலட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 ஆக இருந்த காபனீரொட்சைட்டு 2023 இல் 420 ஐக் கடந்திருந்தது. இத்தெரிவின் விலை அது.

7

நியூக்கொமனின் எந்திரம் நின்ற இடத்தில் இன்று பெரும் சுழலிகள் நிற்கின்றன. 2014 இல் மூன்று அலகுகளும் நிறைவெய்திய நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாற்று வலுவுடையது. அங்கு எரியும் கரியின் வெப்பத்திற் பாதிக்கு மேற்பட்ட பங்கு மின்னாக மாறாமற் கடலையும் காற்றையும் சேர்கின்றது. அதைப் பார்வையிடச் செல்லும் உயர்தர வகுப்பு மாணவரிடம் இது ஏன் எனக் கேட்டால், காணோவின் வாய்பாட்டைக் கொண்டு அவரே கணித்துச் சொல்லக்கூடும். அந்த வெப்பத்தை வெளியே கொட்டியே தீரவேண்டும் என்பது இயற்கை விதி. எதை எரிப்பது, எவருடைய கரையிற் கொட்டுவது, எவருக்கு ஒளி சேர்வது என்பன இயற்கை விதிகள் அல்ல. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பதே விஞ்ஞானக் கல்வியின் கடமை எனக் கருதுகிறோம்.

நாம் தொடங்கிய இடத்துக்கே மீள்வோம். இவ்விதிகள் கரியின் விலையினின்றும், எந்திர வாடகையினின்றும், தோற்ற நாடொன்றின் கவலையினின்றும், குடியேற்ற நாட்டுக்குச் சென்ற மருத்துவரின் கத்தியினின்றும் பிறந்தன. அதனால் அவை முதலாளித்துவ விதிகள் ஆகிவிடவில்லை. எவ்வகைச் சமூகம் அமைத்த எந்திரமும் காணோவின் எல்லையைக் கடந்ததில்லை. பிறப்பின் வரலாறு உண்மையின் தராதரத்தைக் குறைப்பதில்லை. அதேவேளை, உண்மையாயிருத்தல் பிறப்பின் வரலாற்றை அழித்துவிடுவதுமில்லை. இவ்விரண்டையும் ஒருசேரப் பற்றிநிற்கும் முறையியல் எமக்கு வேண்டும். விஞ்ஞான வரலாற்றுக்கு வேண்டிய அம்முறையியலே இலக்கிய வரலாற்றுக்கும் வேண்டும். கவிதையொன்றின் வர்க்க வேரைக் காட்டியதோடு அக்கவிதையின் உண்மை தீர்ந்துவிட்டதென நாம் கருதிய ஒவ்வொரு வேளையிலும், எந்திரத்தை விளக்கிவிட்டு விதியை மறந்தவர்களாயினோம்.

ஸ்நோவின் வினாவுக்கு இப்பொழுது எம்மால் விடை கூற முடியும். ஆனால் விடையோடு அமைய மாட்டோம். அவ்விதிக்காக எங்கே கரி எரிந்தது, அக்கரியை வெட்டியவர் யார் என்பதையும் சேர்த்தே கூறுவோம்.